பேச்சில் உதிரும் மெய்யொலிகள்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பேருந்து நிலையத்துக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'பஸ்டாண்டு'. 'பஸ்', 'ஸ்டாண்ட்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் சேரும் இடத்தில் 'ஸ்' இரண்டு முறை வருகிறது. வாயில் மிஞ்சுவது ஒன்றுதான். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரியும் ரயில் நிலையம் 'விழுப்புரம் ஜங்ஷன்'. அந்தச் சொல்லை எழுத்துப்படி சொன்னால் 'ஜங்க்ஷன்'. 'ங்'குக்குப் பின்னால் இருந்த 'க்' காணாமல் போய்விட்டது. நெடுஞ்சாலை ஓரத்து 'பஞ்சர்' கடையிலும் இதே கதைதான். மூலச் சொல் 'பங்க்ச்சர்'; அங்கேயும் போனது 'க்'. நாளிதழ்களில் உயர் நீதிமன்றம் 'ஐகோர்ட்' என்றும் உணவு விடுதி 'ஓட்டல்' என்றும் வருகின்றன. இரண்டிலும் தலையில் இருந்த 'ஹ்' இறங்கிவிட்டது.

இப்படிச் சொல்வதைக் கொச்சை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அன்றாடப் பேச்சில் மெய்யொலிகளை ஓயாமல் உதிர்க்கிறார்கள். 'நெக்ஸ்ட் டே' அவர்கள் வாயில் 'நெக்ஸ் டே'. 'லாஸ்ட் மன்த்' என்பது 'லாஸ் மன்த்'. 'ஓல்ட் மேன்' என்பது 'ஓல் மேன்'. படிக்காதவர், அவசரக்காரர் என்றில்லை. நிதானமாகப் பேசும் பேராசிரியரும் செய்தி வாசிப்பவரும்கூட இப்படித்தான் பேசுகிறார்கள். 'ஜங்ஷன்', 'பஞ்சர்' இரண்டிலும் அந்த 'க்' ஒலியைப் பல ஆங்கிலேயர்களும் விட்டுவிடுகிறார்கள். புத்தகம் வழியாக ஆங்கிலம் கற்ற ஒரு மாணவர், தனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களையே வெள்ளைக்காரர் பேசும்போது பிடிக்க முடியாமல் தவிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இங்கே இரண்டு வேறு செய்திகள் குழம்பிப்போக வாய்ப்பு உண்டு. ஒன்று, எழுத்தில் இருந்தும் யாரும் ஒலிக்காத எழுத்துகள். கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல் 'கே' எழுத்தில் தொடங்குகிறது. முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்ற சொல்லும் அப்படியே. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் அந்த 'க்' ஒலியைச் சொன்னார்கள். ஜெர்மானியர்கள் இன்றும் முழங்காலை 'க்னீ' என்றே சொல்கிறார்கள். இங்கிலாந்தில் வில்லியம் காக்ஸ்டன் 1476இல் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல இறுகியது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி அதை மேலும் உறுதியாக்கியது. பேச்சு அதற்காகக் காத்திருக்கவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டு வாக்கில் 'க்' நாக்கிலிருந்து போனது, தாளில் தங்கிவிட்டது. 'வாக்', 'டாக்', 'ஹாஃப்' போன்ற சொற்களில் எழுதப்படும் 'எல்' எழுத்தும், 'லிசன்', 'காசில்' ஆகியவற்றில் எழுதப்படும் 'டி' எழுத்தும் இப்படி ஒலியிழந்தவையே.

எப்போதுமே ஒலிக்கப்படாத எழுத்துகளும் உண்டு. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சு வழியாக 'பி' இல்லாமல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் லத்தீன் வேரில் அந்த ஒலி இருந்ததை நினைவூட்ட, பிற்காலக் கற்றவர்கள் 'பி' எழுத்தை உள்ளே செருகினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லின் 'எஸ்' இதைப் போன்ற இடைச்செருகலே. இத்தகைய சொற்களை மாணவர்கள் ஒரு முறை கற்றால் போதும். யார் சொன்னாலும், எங்கே சொன்னாலும் அவை மாறுவதில்லை.

இரண்டாவது வகை வேறு. அதில் ஒலி சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. பக்கத்தில் என்ன சொல் வருகிறது என்பதைப் பொறுத்து முடிவாகும். 'நெக்ஸ்ட்' என்று தனியாகச் சொன்னால் இறுதி 'ட்' கேட்கும். 'நெக்ஸ்ட் ஆர்டர்' என்று உயிரொலி தொடர்ந்தாலும் கேட்கும், 'நெக்ஸ்டார்டர்' என்று சேர்ந்தே கேட்கும். மெய்யின்மேல் உயிர் ஏறி உட்காருவது தமிழில் எப்படி இயல்போ, அப்படியே அங்கும். ஆனால் அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால், இரண்டு மெய்களுக்கு நடுவில் 'ட்' நசுங்கிப்போகிறது. 'நெக்ஸ் டே', 'நெக்ஸ் பஸ்', 'நெக்ஸ் வீக்'.

ஆங்கிலத்தில் அதிகமாக உதிர்பவை இந்த 'ட்' ஒலியும் அதன் அதிர்வுள்ள இணையும்தான். அதற்கு ஒரு நுணுக்கமான விதி இருக்கிறது. தொண்டையில் விரல் வைத்துப் பேசிப் பார்த்தால் சில மெய்களுக்கு அதிர்வு தெரியும், சிலவற்றுக்குத் தெரியாது. 'ஸ்', ஆங்கில 'ட்' இரண்டுக்கும் அதிர்வு இல்லை. அவை இணைந்த 'லாஸ்ட்', 'மஸ்ட்', 'ஜஸ்ட்' ஆகியவற்றில் 'ட்' எளிதில் விழும். 'ஹேண்ட்', 'ஓல்ட்' ஆகியவற்றின் ஈற்றில் எழுதப்படும் 'டி' அதிர்வுள்ள ஒலி, அதற்கு முன் உள்ள மெய்யும் அதிர்வுள்ளது, அங்கேயும் விழும். ஆனால் ஒன்று அதிர்ந்து மற்றது அதிராமல் இருந்தால், உதாரணமாக 'சால்ட்', 'டென்ட்' போன்ற சொற்களில், ஒலி பொதுவாக உதிர்வதில்லை. யாரும் இந்த விதியைப் பள்ளியில் படித்துவிட்டுப் பின்பற்றுவதில்லை. ஆங்கிலக் குழந்தைகள் எழுத்துக்கூட்டப் பழகுவதற்கு முன்பே நாக்குக்கு இது தெரிந்திருக்கிறது. 'வான்ட் டு' என்பது 'வானா' ஆவது போன்ற நிலைத்துப்போன சில தொடர்கள் மட்டும் விதிக்குள் அடங்காமல் நிற்கின்றன.

உதிர்தல் அதோடு நிற்காமல் பக்கத்து ஒலியையும் மாற்றுவது உண்டு. 'ஹேண்ட்பேக்' என்ற சொல்லில் நடு ஒலி விழுந்ததும், 'ன்' உதடு சேரும் ஒலிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அது 'ம்' ஆகி 'ஹேம்பேக்' என்றே பலர் வாயில் வருகிறது. மற்ற மெய்களைப் பொறுத்தவரை, 'கவர்ன்மென்ட்' என்று எழுதப்படும் சொல்லில் முதல் 'ன்' பெரும்பாலும் ஒலிப்பதில்லை. அதைத் தமிழர்கள் காதால் கேட்டு அப்படியே எழுதியதால்தான் 'கவர்மெண்ட்' என்று வந்தது, அது சரியான கேட்பு. 'ஆஸ்க்ட்' என்பதில் 'க்' விழும். 'க்ளோத்ஸ்', 'மன்த்ஸ்' ஆகியவற்றில் நடுவில் உள்ள ஒலி விழும். 'டெல் ஹிம்' என்பது 'டெல் இம்' ஆகும். ஆனால் வாக்கியத்தின் தொடக்கத்திலோ அழுத்திச் சொல்லும்போதோ 'ஹ்' திரும்பி வந்துவிடும்.

'ர்' ஒலியின் வரலாறு தனிக் கவனத்துக்கு உரியது. லண்டன் வழக்கில் 'கார்', 'ஃபர்ஸ்ட்', 'ஃபோர்த்' ஆகியவற்றின் 'ர்' ஒலிப்பதில்லை. அங்கே அப்படிச் சொல்வதே கௌரவமான உச்சரிப்பு. நியூயார்க்கில் நிலைமை நேர்மாறு. வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1962இல் அந்நகரின் மூன்று பெரிய பல்பொருள் அங்காடிகளுக்குப் போய், நான்காவது தளத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி விற்பனையாளர்களிடம் வழி கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற பதிலில் 'ர்' இருக்கிறதா என்று குறித்துக்கொண்டார். பணக்காரர்கள் வரும் கடையில் 62 விழுக்காட்டினர் 'ர்' ஒலியை முழுமையாகவோ ஓரளவோ சொன்னார்கள். நடுத்தரக் கடையில் 51 விழுக்காடு. மலிவு விலைக் கடையில் ஐந்தில் ஒருவர்தான். 1966இல் நூலாக வந்த இந்த ஆய்வு சமூக மொழியியலின் அடிக்கல்லாகக் கருதப்படுகிறது. ஒரே 'ர்' ஒலியை விடுவது லண்டனில் மேன்மை, நியூயார்க்கில் தாழ்வு. ஒலிக்கு உயர்வு தாழ்வு கிடையாது. அதைச் சொல்பவரின் சமூக நிலையைப் பார்த்து மக்கள் அந்த மதிப்பைக் கொடுக்கிறார்கள். கிராமத்துப் பேச்சைக் கேட்டு முகம் சுளிக்கும் நகரத்தார் கவனிக்க வேண்டிய உண்மை இது.

பொருள் கெடும் இடத்தில் உதிர்வு தயங்குகிறது என்பதையும் லபோவும் அவர் வழியில் வந்தவர்களும் காட்டினார்கள். மூடுபனியைக் குறிக்கும் சொல்லும், 'தவறவிட்டான்' என்ற பொருள் தரும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி 'மிஸ்ட்' என்று ஒலிக்கும். முதல் சொல்லில் 'ட்' வெறும் ஒலி. இரண்டாவதில் அது இறந்த காலத்தைக் காட்டும் உறுப்பு. பேசுபவர்கள் முதலாவதில் அதை அதிகமாக விடுகிறார்கள், இரண்டாவதில் குறைவாக விடுகிறார்கள்.

தமிழ்ப் பேச்சும் இதே கணக்கைப் போடுகிறது. 'வந்தாள்' என்பது பேச்சில் 'வந்தா' ஆகும். 'ள்' முழுதாகப் போய்விடும். 'வந்தான்' என்பதன் 'ன்' ஒலியும் நாக்கிலிருந்து போகிறது, ஆனால் போகும்போது தன் மூக்கொலியை முன்னால் இருக்கும் உயிரின்மேல் ஏற்றிவிட்டுப் போகிறது. அந்த மூக்கொலி இருந்தால் வந்தவன் ஆண், இல்லையென்றால் பெண். எழுத்தில் காட்ட முடியாத இந்த வேறுபாட்டை மூன்று வயதுக் குழந்தை பிழையில்லாமல் கையாளுகிறது. 'வந்தால்' என்பதும் 'வந்தா' ஆகிவிடுவதால் ஒரு நெருக்கடி வரலாம். அதை வாக்கியத்தின் மற்றச் சொற்கள் தீர்த்துவைக்கின்றன.

வட மாவட்டங்களின் பேச்சில் 'ழ்' படும் பாடும் கவனிக்கத்தக்கது. கேழ்வரகு இந்தப் பக்கத்தில் 'கேவுரு'. தாழ்ப்பாள் 'தாப்பா'. 'எழுந்திரு' என்பது 'ஏந்திரு'. முதல் இரண்டு சொற்களிலும் வேறொரு மெய்க்கு முன்னால் நின்ற 'ழ்' விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'வாக்', 'ஹாஃப்' ஆகிய சொற்களின் 'எல்' எழுத்து ஒலியிழந்ததும் மெய்க்கு முன்னால்தான். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் ஒரே வகையான ஒலியைக் கைவிட்டிருக்கின்றன. மனித வாயின் அமைப்பு ஒன்று என்பதால், அது இளைப்பாறத் தேடும் இடங்களும் ஒத்திருக்கின்றன.

தமிழ் இலக்கணம் இதைப் பிழையாகப் பார்க்கவில்லை என்பது பெருமைப்படத் தக்கது. சொற்கள் புணரும்போது வரும் மாற்றங்களை நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. மரம், வேர் இரண்டும் சேர்ந்து 'மரவேர்' ஆகும்போது 'ம்' விழுவது கெடுதல். 'ஹேம்பேக்' என்ற ஆங்கிலச் சொல்லில் நடந்ததும் ஒரு கெடுதலும் ஒரு திரிதலும்தான். ஐரோப்பிய மொழியியல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூலை வைத்தே இன்றைய ஆங்கிலப் பேச்சை விளக்க முடிகிறது. சிதைந்து நிலைபெற்ற சொற்களுக்கும் நன்னூல் 'மரூஉ' என்று பெயர் கொடுத்து, இயல்பு வழக்கிலேயே சேர்த்துக்கொண்டது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதும் புதுச்சேரி புதுவை ஆனதும் அப்படித்தான் ஏற்கப்பட்டன.

திண்டிவனத்தின் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கமும் ஒலி உதிர்ந்த கதையே. ஊரில் இருப்பது திந்திரிணீசுவரர் கோயில். வடமொழியில் 'திந்திரிணி' என்றால் புளியமரம். புளிய மரங்கள் அடர்ந்த காடு என்ற பொருளில் இருந்த 'திந்திரிணிவனம்', நாக்கில் புழங்கிப் புழங்கித் திண்டிவனமாகச் சுருங்கியது என்பார்கள். கோயில் பெயர் சடங்கு மொழியில் பழைய ஒலிகளை வைத்துக்கொண்டது. தினமும் ஆயிரம் வாய்களில் புழங்கிய ஊர்ப் பெயர் அவற்றை இழந்தது. பேச்சில் அதிகம் புழங்கும் சொல்லே முதலில் தேயும் என்பது ஆங்கிலத்துக்கும் பொருந்தும். 'அண்ட்' என்ற சிறு சொல் பேச்சில் வெறும் 'ன்' ஆகிவிட்டதற்கு அதன் ஓயாத உழைப்பே காரணம்.

விழுப்புரத்தின் பெயர் ஒலியை இழந்தது நாக்கால் அல்ல, எழுத்தால். ஆங்கிலத்தில் 'ழ' ஒலிக்கு எழுத்து இல்லை. ரயில் நிலையப் பலகையில் 'எல்' இரண்டும் 'பி' ஒன்றும் இருக்கின்றன. மாவட்ட நிர்வாகத்தின் இணைய முகவரியில் 'எல்' ஒன்று, 'பி' இரண்டு. ரயில் பலகையைப் பார்த்துப் படிக்கும் வெளிமாநிலத்தவர் 'வில்லுபுரம்' என்கிறார். இல்லாத 'ல்' வந்து, இருந்த 'ப்' போய்விடுகிறது. 2020 ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டல்களைப் பற்றி எழுந்த விமர்சனத்துக்குப் பின் அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. ஒரு மொழியின் ஒலியை வேறு மொழியின் எழுத்தில் அடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த அரசாணை சாட்சி.

இனி, ஆங்கிலம் கற்பவரின் சிக்கலுக்கு வரலாம். மெய்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் ஆங்கில நாக்கு ஒன்றை விடுகிறது. தமிழ் நாக்கு பெரும்பாலும் ஓர் உயிரைச் சேர்க்கிறது. தொல்காப்பியம் சொல்லின் கடைசியில் வரக்கூடிய மெய்கள் 11 என்று வரையறுக்கிறது. க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய் ஒன்றுகூட அதில் இல்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாக்கு 'புக்' என்று நிறுத்த மனமில்லாமல் 'புக்கு' என்கிறது. 'ஸ்கூல்' சில வாய்களில் 'இஸ்கூல்' ஆகிறது. 'நெக்ஸ்ட் டே' என்பதும் 'நெக்ஸ்ட்டு டே' ஆகிறது. ஆங்கிலேயர் இரண்டு அசையில் முடிக்கும் தொடரைத் தமிழர் மூன்று அசையாக நீட்டுகிறார்.

ஆகவே விழுப்புரத்துக் கல்லூரி மாணவர் முதலில் விட வேண்டியது அந்தக் கடைசி 'உ' ஒலியைத்தான். 'ட்' இருந்தால் யாருக்கும் குழப்பமில்லை. ஹைதராபாத்தில் 1958இல் தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எந்த அளவுக்குப் புரிகிறது என்று ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார். புரியாமல் போவதற்கு அவர் கண்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று, சொல்லில் அழுத்தம் தவறான அசையில் விழுவது. மெய்களை முழுதாக ஒலிப்பது பேச்சைக் கொஞ்சம் கனமாக்கலாம், புரியாமல் ஆக்காது. நேர்காணலில் 'கிவ் மீ' என்பதை வலிந்து 'கிம்மீ' என்றும், 'வான்ட் டு' என்பதை 'வானா' என்றும் பேசுவது பொருந்தாது. கடிதத்தில் எழுதுவது அதைவிடப் பொருந்தாது.

ஆனால் கேட்பதற்கு 'ட்' உதிரும் அந்த விதி அவசியம் வேண்டும். வெளிநாட்டுச் செவிலியர் பணிக்கும் மேற்படிப்புக்கும் எழுதும் தேர்வுகளில் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி தனியாகவே இருக்கிறது. அங்கே 'லாஸ் மன்த்' என்று காதில் விழும்போது, 'லாஸ்' என்றால் நட்டம் என்று நினைத்துத் தடுமாறாமல் இருக்க, 'ட்' எங்கே விழும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஜான் வெல்ஸ் தொகுத்து 1990இல் வெளிவந்த லாங்மேன் உச்சரிப்பு அகராதி, சில நேரம் விடப்படும் ஒலிகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டுக் காட்டுகிறது. கல்லூரி நூலகங்களில் இருக்க வேண்டிய புத்தகம் அது.

தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலம் இன்னும் பெரும்பாலும் கண்ணால் கற்கும் பாடமாகவே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம், பதிவு செய்த ஆங்கிலப் பேச்சின் இரண்டு வரியை ஓடவிட்டு, காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லலாம். பின்பு அதே வரிகளை ஆங்கில எழுத்தில் காட்டி, எந்த ஒலி விழுந்தது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். கைப்பேசி ஒன்று போதும். ஆங்கில ஆசிரியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.